வண்டியும் ஆவணமும்

பழந்தமிழில் ‘ஆவணம்’ என்றால் கடைவீதி. பின்னாளில் அதே சொல் விலைப் பத்திரத்தையும் குறித்தது. பத்திரம் பதியும் இடத்துக்கு ‘ஆவணக்களரி’ என்று பெயர். கடைவீதியில் பேசி முடித்தது எழுத்திலும் ஏற வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சொற்களுக்குள் இருப்பதாக வியாபாரியான எனக்குத் தோன்றுவதுண்டு.

இதை இங்கே சொல்லக் காரணம், நம் தீவுத் தமிழ்க் குடும்பங்கள் வண்டி வாங்கும் விதம். சாவி கைக்கு வந்தால் வண்டி நம்முடையது என்று நினைத்து விடுகிறோம். “பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பதுதான் பேச்சு. அந்த ‘அப்புறம்’ சில வீடுகளில் வருஷக்கணக்கில் வருவதே இல்லை.

முதலில் புது வண்டி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும். நமக்கு அது இந்த யூனியன் பிரதேசம்; ‘ஏ.என்.’ என்று தொடங்கும் எண். விண்ணப்பம் படிவம் 20, விற்பனைச் சான்று படிவம் 21, கம்பெனி தரும் தகுதிச் சான்று படிவம் 22, அதோடு இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று. ஆர்.சி. வந்ததும் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு இந்தப் பதிவு 15 ஆண்டு செல்லும்.

சென்னையில் வாங்கிக் கப்பலில் கொண்டு வருவோர், தற்காலிகப் பதிவோடு கொண்டு வந்து இங்கே நிரந்தரப் பதிவு செய்யலாம். ஏற்கெனவே தமிழ்நாட்டு எண் உள்ள வண்டி என்றால், அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வர வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடப் போகிற வண்டிக்குப் புது எண் கட்டாயம்.

கப்பல் விஷயத்தில் இன்னொன்று. வழக்கமான வண்டி பாலிசியைப் படித்துப் பாருங்கள். சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, விமானம் என்றெல்லாம் இருக்கும், கடல் இருக்காது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல்தானே! அதற்குத் தனியாக மரைன் இன்ஷூரன்ஸ் எடுப்பது நல்லது.

அடுத்தது பழைய வண்டி. இங்கேதான் வாங்குபவரைவிட விற்பவருக்கு ஆபத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். படிவங்கள் 29, 30. செய்யாவிட்டால் என்ன ஆகும்? வட இந்தியாவில் ஒருவர் 2007-இல் காரை விற்றார். பெயர் மாற்றவில்லை. கார் பல கை மாறியது. 2009-இல் விபத்து, உயிர் போயிற்று. நஷ்ட ஈட்டுப் பொறுப்பு, புத்தகத்தில் பெயர் இருந்த முதல் ஆளுடையதுதான் என்று 2018 பிப்ரவரி 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டியைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷமான மனிதர்! பாதிக்கப்பட்ட குடும்பம் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலையக்கூடாது என்பது கோர்ட்டின் நியாயம். அது சரியான நியாயமும்கூட.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் உரிமைப் பத்திரமான ‘டைட்டில்’ தனி, பதிவு தனி. பிரிட்டனில் பதிவுச் சான்றிலேயே ‘இது உரிமைக்கு ஆதாரம் அல்ல’ என்ற எச்சரிக்கை உண்டு. நம் நாட்டில் தனி டைட்டில் கிடையாது, ஆர்.சி.யில் உள்ள பெயரைத்தான் சட்டம் உரிமையாளர் என்று பார்க்கிறது. கடனில் வாங்கியிருந்தால் அதில் வங்கியின் பெயரும் ஏறும். கடைசித் தவணை கட்டியதும் அது தானாக நீங்காது; படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும்.

எங்கள் வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர்கள் கடைக் கணக்கை அன்றன்றே எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பார்கள். வண்டிக்கும் அதே பழக்கம் வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட்டு, மாறிய ஆர்.சி.யின் நகல் ஒன்றை விற்றவர் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.