கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

எப்போதோ யாரோ சொன்ன விடையை வாங்கி வைத்துக்கொண்டு, அது மெய்தானா என்று ஒருமுறையேனும் சோதித்துப் பாராமலே காலத்தைக் கழித்துவிடுவதுதான், வயது ஏற ஏற நம்முடைய பால்யத்து ஆவல் மங்கிப் போவதற்கு முக்கிய காரணமென்று நான் கருதுகிறேன். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று பிள்ளை கேட்டால், வானம் அதில் பிரதிபலிக்கிறது என்று சொல்லிவிட்டு, நாம் வேறு காரியம் பார்க்கப் போய்விடுகிறோம்.

பௌதிக சாஸ்திரத்தில் மகா மேதையான ராலே பிரபுவும் அவ்வாறே சொல்லியிருந்தார். ஆயினும் 1921ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டில் கூடிய சர்வகலாசாலை மாநாட்டுக்குப் போய்வந்த கடற்பிரயாணத்தில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்த சி. வி. ராமன் அந்த விடையோடு திருப்தியடையவில்லை. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாகையால், சட்டைப்பையில் அடங்கக்கூடிய நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே வைத்துத் திருப்பினால் அந்த ஒளியைத் தடுத்துவிடலாம். நீலம் வானத்திடம் கடன் வாங்கியதே என்றால், அப்போது அது மறைந்துபோக வேண்டும். ராமன் திருப்பிப் பார்த்தார். மேற்பரப்பின் பளபளப்பு மறைந்தது, நீலமோ முன்னினும் செழித்துத் தோன்றியது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்து, 'நார்க்குண்டா' கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது, அங்கிருந்தே 'நேச்சர்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த வழியிலேயே தொடர்ந்து சென்ற ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28இல் 'ராமன் விளைவா'கக் கனிந்து, 1930இல் நோபல் பரிசையும் தேடித் தந்தது.

இதற்கெல்லாம் ஓய்வு வேண்டுமே என்பவர்கள், 1907 முதல் பத்தாண்டுக் காலம் அரசாங்க நிதி இலாகா அதிகாரியாக இருந்த இதே மனிதர், கல்கத்தாவில் இருந்தபோது ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு மிருதங்கத்தையும் ஆராய்ந்து, அதன் வலந்தலையில் அப்பியிருக்கும் கரிய கரணையின் பாரமே அதற்குச் சுருதிசுத்தமான நாதத்தைத் தருகிறது என்று 1920இல் விளக்கினார். நம் கச்சேரிகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த நாதமல்லவா அது!

முதுமையும் இதற்குத் தடையல்ல. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய விரும்பிய டார்வின், சட்டியில் வளர்த்த புழுக்களுக்கு அருகே வாத்தியங்களை ஒலிக்கச் செய்தபோது அவை அசையவில்லை; சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு ஸ்வரத்தைத் தட்டியதும், அதிர்வை உணர்ந்து வளைக்குள் புகுந்துகொண்டன. அந்தப் புழுக்களைப் பற்றிய நூலை அவர் வெளியிட்ட 1881இல் அவருக்கு வயது 72.

நிக்கோல் பட்டகம் நம்மிடம் இராது. ஆனால் கண்கூச்சத்தைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி அதே தத்துவத்தில் வேலை செய்வது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அடுத்த முறை கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போகும்போது, அதை ஒரு கண்ணுக்கு முன்னே பிடித்து, நீரைச் சாய்வாக நோக்கியபடி மெல்லத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் குழந்தை நின்றால், விடை சொல்வதற்கு முன்பாகக் கண்ணாடியை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.