துண்டும் தவணையும்

‘துண்டு’ என்னும் சிறு சொல்லுக்குள் மலையகத்தின் நீண்டதொரு துயரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்துரை கையொப்பமிட்ட சீட்டு அது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன் உண்டு. அதனைச் செலுத்துவோர் இவரை அழைத்துச் செல்லலாம் என்பதே அதன் சாரம். கடல் கடந்து வந்த வழிச்செலவு, பெரிய கங்காணி கொடுத்த முன்பணம், பிற செலவுகள் யாவும் அத்தொகையில் அடங்கும். புதிய தோட்டம் பழைய கடனை அடைக்கும். அத்தொகையே அங்கே புதுக் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். கடன் தீரவில்லை, கடன் கொடுத்தவர் மாறினார், அவ்வளவே!

இக்கணக்கில் கடனாளி வாய் திறந்து பேசிய இடம் எது? துரையும் துரையும் பேசினர், கங்காணி எழுதினார். 1921 இல் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. ஆனால் கடன் கொடுத்தவர் முன் அமர்ந்து, ‘என் வருவாய் இவ்வளவு, என்னால் இயன்றது இவ்வளவு’ என்று சொல்லும் பழக்கத்தைச் சட்டம் கற்றுத்தர இயலுமா?

அவகாசம் பெறுவது மலைநாட்டுக்குப் புதிதன்று. யாருக்குக் கிடைத்தது என்பதே வினா. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அதன் நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை வழங்கி வணிகத்தைக் காத்தார். நல்ல காரியந்தான். கூலிப் பாக்கியோடு நின்ற தொழிலாளிக்கு அத்தனை விரைவாக எவரும் பொறுப்பேற்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. பேச்சுவார்த்தைகள் நடந்தன, 2024 ஜூனில் பாரிஸில் தவணை நீடிப்பு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதனைப் பிச்சை என்று எவரும் சொல்லவில்லை, ‘மறுசீரமைப்பு’ என்றனர். ஹட்டன் பக்கத்து லயத்தில் அதே காரியத்துக்கு அத்தகைய அழகிய பெயர் கிடையாது.

மலையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும். ஆனால் வாரத் தவணைக்கு வறட்சியும் தெரியாது, அடைமழையும் தெரியாது. நுண்கடனின் சூட்சுமம் குழுப்பிணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே அவள் முதலில் அஞ்சுவது நிறுவனத்துக்கு அன்று, அடுத்த காம்பராவில் இருப்பவளுக்கு! 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை ஒரு இலட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்ய முன்வந்தது. நுவரெலியா அவற்றுள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கணவர் கொழும்பில் கடை வேலையை இழந்து திரும்பிய ஒரு சகோதரிக்காக நான் ஒரு கடிதம் எழுத நேர்ந்தது. “கெஞ்சி எழுதுங்க சேர்” என்றார். கெஞ்ச வேண்டாம், ரசீதுகளைக் கொண்டு வாருங்கள் என்றேன். மாவு டின்னிலிருந்து அவை வெளிவந்தன. கூட்டிப் பார்த்தோம், கட்டிய வட்டியே முதலில் பாதியைத் தாண்டியிருந்தது. அவர் அந்த எண்ணை மும்முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாரத் தவணையை மாதத் தவணையாக்கிச் சம்பளத்துக்கு மறுநாள் வாங்கிக்கொள்ளவும், ஆறு மாதம் பாதித் தொகையே பெறவும், தண்ட வட்டியை நிறுத்தவும் கேட்டு எழுதினோம். “குழுவில் மற்றவர்கள் கட்டட்டும்” என்றார் வசூலுக்கு வந்தவர். மறுவாரம் குழுவின் ஐந்து பெண்களும் அக்கடிதத்தில் கையொப்பமிட்டு, ஒன்றாகவே கிளை அலுவலகத்துக்குச் சென்றனர். பிணைக்காகக் கட்டிய கயிறு அன்று வேறொரு வேலைக்கு உதவிற்று.

பாதித் தவணைக்கு இணங்கினார்கள், நான்கு மாதத்துக்கு மட்டும். தண்ட வட்டியை விடவில்லை. ஒப்புக்கொண்டதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டவர் அந்தச் சகோதரியே. அரைமணி நேரம் காத்திருந்து முத்திரையிட்ட தாளோடுதான் பஸ் ஏறினார்.