தேநீருடன் ஒரு மேரி பிஸ்கட்

1948 முதல் 1958 வரை நெதர்லாந்தின் பிரதமராக இருந்தவர் வில்லெம் ட்ரேஸ். நாடாளுமன்றத்தில் மற்றவர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்தவர், பிறகு அங்கேயே ஆட்சித் தலைவராக அமர்ந்தார்! இடையில் நாஜிகள் அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்து, புக்கன்வால்ட் முகாமில் ஓராண்டு அடைத்து வைத்தார்கள்.

சமூகநல அமைச்சராக இருந்தபோது, 1947இல் முதியோர் உதவித்தொகைக்கு வழி செய்தார். அதுவே 1957இல் 65 வயது நிறைந்த எல்லோருக்குமான ஓய்வூதியமாக விரிந்தது.

அவருடைய சிக்கனம் பற்றி ஒரு கதை உண்டு. போருக்குப் பிந்தைய நிதியுதவி பற்றிப் பேச வீட்டுக்கு வந்த அமெரிக்கர்களுக்கு, ட்ரேஸின் மனைவி தேநீரும் ஆளுக்கு ஒரே ஒரு மேரி பிஸ்கட்டும் கொடுத்தாராம். இவர்களிடம் கொடுக்கும் பணம் வீண்போகாது என்று வந்தவர்கள் முடிவு கட்டினார்களாம்! நடந்ததோ இல்லையோ, டச்சுக்காரர்கள் இந்தக் கதையை விடுவதாயில்லை. 1988இல் காலமானபோது ட்ரேஸுக்கு வயது 101.