பற்றுதலும் உள்வாங்கலும்: எல்.டி.எல். ஏற்பி காட்டும் வேறுபாடு

செல்லினுள் பெருமூலக்கூறுகள் நுழைவதைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே நிகழ்வாகவே விளக்குகின்றன: ஏற்பி பொருளைப் பற்றுகிறது, சவ்வு குழிந்து நுண்பையாகிறது. இவை தனித்தனிப் படிகள் என்பதைத் தெளிவாக்கியது ஒரு நோயாகும்.

குருதியில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். என்னும் அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் செல்பரப்பிலுள்ள ஏற்பியுடன் பிணைகிறது. சவ்வின் உட்புறத்தில் கிளாத்ரின் புரதம் வலைபோல் படிந்த குழிகளில் இவ்வேற்பிகள் திரள்கின்றன. குழி சவ்விலிருந்து பிரிந்து நுண்பையாகிறது. கிளாத்ரின் உறை கழன்றபின் எண்டோசோமுடன் இணைகிறது. அங்குள்ள அமிலத்தன்மை பிணைப்பைத் தளர்த்துவதால் ஏற்பி மீண்டும் சவ்வை அடைகிறது. கொழுப்புப்புரதமோ லைசோசோமில் சிதைந்து கொலஸ்டிராலை விடுவிக்கிறது. ஏற்பியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆகும்.

குடும்பவழி மிகைக்கொலஸ்டிரால் நோயின் கடும் வடிவில் சிறுவயதிலேயே மாரடைப்பு நேரக்கூடும். டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்த நோயாளர் பலரின் செல்கள் எல்.டி.எல்.லைப் பிணைக்கவே இல்லை. ஒரு நோயாளரின் செல்களோ பிணைத்தன, ஆயினும் உள்வாங்கவில்லை. இதன் மூலக்கூற்றுக் காரணம் 1986இல் வெளியாயிற்று. ஏற்பியின் செல்லுள் நீளும் வாற்பகுதியில், 807ஆம் இடத்து டைரோசின் சிஸ்டீனாக மாறியிருந்தது. 839 அமினோ அமிலங்களுள் ஒன்றே ஒன்று! அதனால் ஏற்பி குழிகளில் திரளவில்லை. பிணைப்பை மட்டும் அளக்கும் சோதனையில் இக்குறைபாடு புலப்படாது. உள்வாங்கலையும் சிதைவையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.