ஸ்கர்ட்டிங் எத்தனை அடி? கடை புதுப்பிப்போர் கவனத்திற்கு!

தராசில் ஏற்றாமல் ஒரு மூட்டை துவரம் பருப்பைக்கூட நாம் வாங்குவதில்லை. சாக்கின் எடையைக் கழித்துத்தான் பணம் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட நாம் கடையைப் புதுப்பிக்கும்போது மட்டும் கம்ப்யூட்டரில் போட்ட வண்ணப்படத்தைப் பார்த்து மயங்கி அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் படத்துக்குள்ளும் ஒரு தராசு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். நாம் பட்ட பாட்டைச் சொன்னால் மற்ற வணிகர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

திருக்காட்டுப்பள்ளியில் உள்ள நமது மளிகைக் கடை 12 அடி அகலம், 20 அடி நீளம். ரெட் ஆக்சைடு தரை பெயர்ந்துவிட்டதால் டைல்ஸ் போட முடிவு செய்தோம். டிசைன் செய்தவர் கொண்டு வந்த படத்தில் சுவரின் அடியில் கறுப்பு ஸ்கர்ட்டிங்கும், மேலே கூரையை ஒட்டிப் பூவேலை மோல்டிங்கும் கண்ணைப் பறித்தன. கொட்டேஷனில் இரண்டுக்குமே 66 ரன்னிங் அடி என்று இருந்தது. நாமும் சரி என்றோம்.

வேலை தொடங்கிய அன்று கொத்தனார் கேட்டார்: “முதலாளி, ஷட்டர் போற இடத்துல எதுலங்க ஸ்கர்ட்டிங் ஒட்டுறது?”

அப்போதுதான் உறைத்தது. நான்கு சுவரின் சுற்றளவு 64 அடி. பக்கச் சுவர்களில் 6 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள் இரண்டு. ஒவ்வொன்றின் இரு பக்கமும் சேர்ந்து ஓர் அடி. ஆக 66 அடி. மேலே ஓடும் மோல்டிங்குக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் கீழே ஷட்டருக்கு 10 அடியும் குடோன் கதவுக்கு 3 அடியும் திறப்பு. ஸ்கர்ட்டிங் 53 அடிதான்! இல்லாத 13 அடிக்கு நாம் ஒப்புக்கொண்டிருந்தோம்.

கம்ப்யூட்டர் இதை எப்படி வரைகிறது?

ஸ்கர்ட்டிங்கோ மோல்டிங்கோ, கம்ப்யூட்டருக்கு வேண்டியவை இரண்டுதான். ஒன்று, அதன் குறுக்குவெட்டு வடிவம். வாழைத்தண்டை நறுக்கினால் தெரியும் முகத்தைப் போன்றது இது. இரண்டு, அந்த வடிவம் ஓட வேண்டிய பாதை, அதாவது சுவரோரக் கோடு. இரண்டையும் காட்டினால் அந்த வடிவத்தைப் பாதை நெடுக இழுத்து முழு மோல்டிங்கையும் உருவாக்கிவிடும்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கெட்ச்அப் மென்பொருளில் இந்தக் கருவிக்கு ‘ஃபாலோ மீ’ என்று பெயர். ரெவிட் என்ற மென்பொருளில் ‘வால் ஸ்வீப்’ என்பார்கள். காசில்லாமல் கிடைக்கும் பிளெண்டர், ஃப்ரீகேட் ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யலாம்.

இது நம் மண்ணுக்குப் புதியதல்ல. சுண்ணாம்புக் காரை காலத்தில் கொத்தனார்கள் தகரத்தை வேண்டிய வடிவில் வெட்டி, மரக்கட்டையில் பதித்து, ஈரக் காரையின் மேல் சுவரோரமாக இழுத்துக்கொண்டே போவார்கள். மேலே கார்னிஸ் வளைவு உருவாகும். கம்ப்யூட்டர் செய்வதும் அதே இழுப்புதான்.

இன்னும் முன்னே போனால் கோயில்கள். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைப் பாருங்கள். ஜகதி, குமுதம், கண்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வரிகள் கோயிலைச் சுற்றி ஓடுகின்றன. அய்யம்பேட்டைக்கு அருகிலுள்ள புள்ளமங்கைக் கோயிலின் அடித்தளச் சிற்பங்கள் பேர் பெற்றவை. ஸ்தபதி அடித்தளத்துக்கும் வெட்டுமுகம் வரைவதுண்டு. எந்த வரி எவ்வளவு உயரம், எவ்வளவு நீட்டல் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. கல்லுக்கே வெட்டுமுகம் பார்த்தார்கள். நம் கடைக்கு நாம் பார்க்க வேண்டாமா?

படம் எங்கே பிசகுகிறது?

முதலாவது, திறப்பு. ரெவிட்டில் சுவருக்கு ஸ்கர்ட்டிங் போடும்போது, கதவு வரும் இடத்தில் அது வெட்டுப்பட வேண்டும் என்று ஒரு கட்டளையைக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஸ்கர்ட்டிங் கதவைத் தாண்டி நேரே ஓடும். ஸ்கெட்ச்அப்பில் பாதைக் கோட்டை வரைபவரே கதவு இடத்தில் நிறுத்த வேண்டும். நம் படத்தில் ஷட்டர் இறங்கியிருப்பதாகக் காட்டியதால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, மூலை. கம்ப்யூட்டர் மூலையைச் சரியான 90 டிகிரி என்று எடுத்துக்கொண்டு, இரு துண்டுகளையும் 45 டிகிரியில் சேர்த்துவிடும். நம் பழைய கடைகளில் எத்தனை மூலைகள் சரியாக இருக்கும்? சோதிப்பது எளிது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. கூடினாலோ குறைந்தாலோ அதைச் சொல்லிப் படத்தைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மோல்டிங் துண்டுகள் மூலையில் வாயைப் பிளந்து நிற்கும்.

மூன்றாவது, சரக்கு. படத்தில் தெரிவது நிறம் மட்டுமே. அது கிரானைட்டா, டைல்ஸா, மரத்தூள் பலகையா என்று படம் சொல்லாது. நமக்கு நேர்ந்த நஷ்டம் இதில்தான். குடோன் பக்கம் கறுங்கல் போல் தெரிந்த ஸ்கர்ட்டிங், கைக்கு வந்தபோது எம்.டி.எஃப். பலகையாக இருந்தது. பார்வைக்கு அழகாக இருக்கவே விட்டுவிட்டோம். ஐப்பசி மழையில் அடிச்சுவர் ஈரம் ஏறியதும் ஊறி உப்பிக்கொண்டது. அதன் பின்னால் கரப்பான் குடியேறியது. எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து இரண்டாம் முறை செலவு செய்தோம்.

மளிகைக் கடைக்கு எது பொருந்தும்?

ஸ்கர்ட்டிங் அழகுக்கு மட்டும் அல்ல. தரை கழுவும் தண்ணீரும், துடைப்பமும், மூட்டையின் உரசலும் சுவரைக் கெடுக்காமல் காப்பதே அதன் முதல் வேலை. உணவுப் பாதுகாப்பு உரிமம், பதிவு பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணை, சுவரும் தரையும் வழவழப்பாகவும் எளிதில் சுத்தம் செய்யும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. தரையையும் ஸ்கர்ட்டிங் உள்ள சுவரையும் தேவைக்கேற்பக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே கழுவ முடியாத ஸ்கர்ட்டிங் நமக்கு உதவாது.

கிரானைட், கடப்பாக்கல், டைல்ஸ் ஆகியவை தண்ணீருக்குத் தாங்கும். பல அடுக்கு வரிகள் கொண்ட மோல்டிங்கைக் கீழே வைக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் தவிடும் மாவும் தங்கும், பூச்சி வரும். மேல் விளிம்பு சரிவாகவோ உருண்டையாகவோ இருக்கட்டும். தரையும் சுவரும் சேரும் இடம் வளைவாக அமைந்தால் இன்னும் நல்லது. பின்னால் பொள்ளல் இல்லாமல் கலவையை நிரப்பி ஒட்டச் சொல்லுங்கள். பூவேலை வேண்டுமானால் தண்ணீர் படாத மேல்பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சுவருக்குள் ஏறும் ஈரத்தை ஸ்கர்ட்டிங் தடுக்காது. மூடி மறைத்தால் அந்த ஈரம் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே உப்புப் பூத்து வெளிவரும். காவிரியும் குடமுருட்டியும் ஓடும் ஊர் நம்முடையது. ஈரத்துக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

அட்வான்ஸுக்கு முன் கேட்க வேண்டியவை

1. ஸ்கர்ட்டிங், மோல்டிங் இரண்டுக்கும் வெட்டுமுகப் படம், அதில் உயரமும் கனமும்.

2. இரண்டுக்கும் தனித்தனியே ரன்னிங் அடிக் கணக்கு, திறப்புகளைக் கழித்து. மென்பொருளிலேயே இந்த அளவை எடுக்கலாம். “நேரமில்லை” என்று சொன்னால் நாமே டேப் பிடிப்போம்.

3. ஷட்டரைத் திறந்த நிலையில் காட்டும் ஒரு படம்.

4. சரக்கின் பெயர் எழுத்தில், மாதிரித் துண்டு கையில். அந்தத் துண்டை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

5. டைல்ஸை வெட்டி ஒட்டுவதானால் எத்தனை டைல்ஸ் என்ற கணக்கு. 2 அடி டைல்ஸில் 4 அங்குலப் பட்டை ஆறு கிடைக்கும். ரம்பம் தின்றது போகப் பட்டை சற்றுக் குறையும். ஆறு பட்டையும் சேர்ந்து 12 அடி. 53 அடிக்கு 5 டைல்ஸ், உடைசலுக்கு ஒன்று கூடுதல்.

நமக்குக் கணக்கைக் காட்டியதும் டிசைன் செய்தவர் மறுபேச்சில்லாமல் 13 அடியைக் கழித்துக்கொண்டார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. நாம் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடையைப் புதுப்பிக்கப் போகும் வணிக நண்பர்களே, படத்தைப் பார்த்து மகிழுங்கள், தவறில்லை. ஆனால் மூட்டைக்குச் சாக்கு எடை கழிப்பது போல, சுவருக்குக் கதவைக் கழித்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்!