ஹேடோத் துறையின் ஆழமும் நீரில் ஒலியின் வேகமும்

முன்னுரை

கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கிக் கடலின் ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் கணிப்பது பழைய வழக்கம். இன்று அப்பணியை மீயொலி செய்கிறது. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியே மீயொலி எனப்படும். எனினும், எதிரொலி ஆழமானி நேரடியாக அளப்பது ஆழத்தையன்று; ஒலி சென்று மீளும் காலத்தையே. அக்காலத்தை ஆழமாக மாற்ற, அந்நீரில் ஒலியின் வேகம் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வேகத்தை அளக்கும் முறையையும் அதன் தேவையையும் அந்தமானின் ஹேடோத் துறையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அளவிடும் முறை

1826இல் கொலாடன், ஸ்டர்ம் ஆகிய இருவரும் ஜெனீவா ஏரியின் நீருக்கடியில் மணியை ஒலிக்கச் செய்து, நொடிக்கு 1435 மீட்டர் என்னும் வேகத்தைக் கண்டனர். அதற்குப் பல கிலோமீட்டர் தொலைவு வேண்டியிருந்தது. இன்று ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியே போதும். மீயொலி உணரியிலுள்ள படிகம் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றி நீரில் செலுத்துகிறது. 20 செ.மீ. தொலைவிலுள்ள தகட்டில் பட்டு மீளும் ஒலியை அப்படிகமே மீண்டும் மின்துடிப்பாக மாற்றுகிறது. சென்று மீண்ட 40 செ.மீ. தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

வேகம் 1540 மீட்டராயின், அக்காலம் ஏறத்தாழ 260 மைக்ரோநொடி. அதில் ஒரு மைக்ரோநொடி பிழைத்தால் வேகம் 6 மீட்டர் பிழைபடும். ஆகவே, 25 பாகை செல்சியசில் 1497 மீட்டர் வேகமுடைய காய்ச்சி வடித்த நீரில் கருவியை முதலில் சரிபார்த்தல் இன்றியமையாதது.

ஒளியைக் கொண்டும் இவ்வேகத்தை அறியலாம். மீயொலி பரவும் நீர்மத்தினூடே செல்லும் ஒளி, விளிம்பு விளைவடைந்து கோலமாக விரியும். இதற்கான கோட்பாட்டைச் சி. வி. இராமனும் நாகேந்திர நாத்தும் 1935ஆம் ஆண்டு முதல் வகுத்தளித்தனர். கோலத்தினின்று அலைநீளத்தைக் கணித்து, அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் பெறப்படும்.

ஒரு கப்பல், இரு துறைகள்

ஹேடோ, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் முதன்மைக் கப்பல் துறையாகும். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து கப்பல்கள் இங்கு வருகின்றன. கருவியில் ஒலியின் வேகம் 1500 மீட்டர் என நிலையாக அமைக்கப்பட்ட கப்பலொன்றைக் கருதுவோம்.

வெப்பம் 29 பாகையும் ஆயிரத்திற்கு 32 பங்கு உப்பும் உடைய கடல்நீரில் உண்மை வேகம் ஏறத்தாழ 1540 மீட்டர். ஆகவே, ஹேடோவில் அத்தகைய நீரில் 10 மீட்டர் ஆழத்தைக் கருவி 9.74 மீட்டர் எனக் காட்டும். இப்பிழை கப்பலுக்கு ஊறு செய்யாது. அக்கப்பலே கொல்கத்தாவிற்குச் சென்று, ஊக்ளி ஆற்றின் 20 பாகை வெப்பமுள்ள நன்னீரில் நிற்குமாயின், அங்கு வேகம் 1482 மீட்டரே. 10 மீட்டர் ஆழம் 10.12 மீட்டராகத் தோன்றும். இல்லாத 12 செ.மீ. நீரை நம்பிச் செல்லும் கப்பல் தரைதட்டக்கூடும். ஒரே பிழை ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் கேடாகவும் அமைகிறது.

முடிவுரை

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. இத்தகைய இடத்தில் பழைய ஆழ அளவுகளையே நம்பியிருத்தல் இயலாது. புதிதாக அளக்கும்போதும், அன்றைய நீரில் ஒலியின் வேகத்தை அளந்த பின்னரே ஆழத்தைக் கணித்தல் வேண்டும். நூலில் கண்ட எண்ணை அப்படியே கொள்ளாது, நிற்கும் நீரையே கேட்டறிவதே பாதுகாப்பான முறையாகும்.