சுவருக்குள் ஓடும் கம்பிகள்

சென்னையிலிருந்து திருவள்ளூருக்குப் போகும் மின்ரயில் பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே செவ்வாப்பேட்டை ரோடு என்று ஒரு நிலையம் இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், அம்பத்தூருக்குப் போகிறவர்கள், பேசின் பாலத்தில் வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள் என்று நடைமேடை நிறைந்திருக்கும். அவர்களில் சிலருடைய பையில் சாப்பாட்டுத் தூக்கோடு டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப் ஆகியவையும் இருக்கும். இவர்கள் கட்டடங்களுக்கு உயிர் கொடுக்கிறவர்கள். கொத்தனாரும் சித்தாளும் எழுப்பிய சுவருக்குள் மின்சாரத்தை ஓட விடுகிறவர்கள்.

அப்படி ஒருவர் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். ‘என்ன படிக்கிறீர்கள்?’ என்று கேட்டேன். ‘ஹெல்ப்பர் பரீட்சை சார். பத்து வருஷமா வயரிங் வேலை பார்க்கிறேன். கையிலே சர்ட்டிபிகேட் இல்லை’ என்றார்.

அவர் சொன்னது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. தமிழ்நாட்டில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இது நடக்கிறது. இருபத்தொரு வயது நிரம்பியவராக, வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. மகன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் அதே மேசையில் உட்கார்ந்து தகப்பனாரும் படிக்கலாம்!

கட்டடத்துக்குப் படம் வரைகிற கட்டடக் கலைஞர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் கட்டடக் கலை மன்றத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். அமெரிக்காவிலோ பட்டம் பெற்ற பிறகும் பல பகுதிகள் கொண்ட உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதில் ‘இயந்திர, மின் அமைப்புகள்’ என்றே ஒரு தனிப்பகுதி முன்பு இருந்தது. அந்தப் பட்டதாரியும் நம் செவ்வாப்பேட்டைக்காரரும் படிக்க வேண்டிய அடிப்படை ஒன்றுதான். அது உங்கள் இயற்பியல் புத்தகத்திலும் இருக்கிறது.

நோட்டின் முதல் கேள்வி: ‘ஒரே உருகியை எல்லாச் சுற்றுக்கும் போடலாமா?’

இதற்கு விடை காண ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0175 ஓம். மெயின் பலகையிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு இந்தக் கம்பியைக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே மொத்த நீளம் 40 மீட்டர், மின்தடை 0.7 ஓம். இதில் 10 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்க, 70 வாட் வெப்பம் கம்பியில் உண்டாகும். அதே கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால்? 140 வாட் என்று சொல்லிவிடாதீர்கள். இருமடியாக ஏறுவதால் 280 வாட். மின்னோட்டம் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. அந்த வெப்பம் முழுவதும் சுவருக்குள் பதித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் சுவரே கொதிக்கும்போது கம்பியின் மேலுறை இளகும், கருகும். ஓரிடத்தில் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால் பொறி பறக்கும்.

2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டிருந்தால் மின்தடை 0.28 ஓம்தான். 20 ஆம்பியருக்கு 112 வாட் வெப்பம், அதுவும் பருத்த கம்பியில் பரவிப் போகும். விளக்குகளுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று வயரிங்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வதற்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. உருகி என்பது கம்பிக்குக் காவல்காரன். 1.5 கம்பியில் 32 ஆம்பியர் உருகியைப் போட்டால் காவல்காரன் தூங்கிவிடுவான், கம்பிதான் உருகியாக எரியும். ‘அடிக்கடி பியூஸ் போகிறது’ என்று பருமனான கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. அது காய்ச்சல் மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வதற்குச் சமம்.

இந்த இருமடிக் கணக்கை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். செவ்வாப்பேட்டை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மின்சாரம் 230 வோல்ட்டாகப் புறப்படுவதில்லை. லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்தித்தான் அனுப்புகிறார்கள். அழுத்தம் ஆயிரம் மடங்கானால், அதே திறனுக்கு மின்னோட்டம் ஆயிரத்தில் ஒன்றாகும், வழியில் வெப்பமாக வீணாவது பத்து லட்சத்தில் ஒன்றாகும். நீங்கள் ஏறிப் போகும் மின்ரயிலின் தலைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் இருப்பதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது கேள்வியை அவர் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்: ‘ஸ்விட்சை எந்தக் கம்பியில் போட வேண்டும்?’

பேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பிகள் விளக்குக்குப் போகின்றன. எதைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். அப்படியானால் எதில் போட்டால் என்ன? நியூட்ரலில் போட்டுவிட்டால், ஸ்விட்சை அணைத்த பிறகும் விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியவர் ‘அணைத்துவிட்டோமே’ என்று நம்பிக்கையோடு விரலை வைப்பார். ஸ்விட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும்.

மூன்று துளை பிளக்கிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. நமக்கு எதிரே தெரியும்படி பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே எர்த். அந்த மேல் முள் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிட வேண்டும், மின்சாரம் போன பிறகே பாதுகாப்பு போக வேண்டும். சில வீடுகளில் அந்த முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளை பாயின்டில் செருகுகிறார்கள். என்ன சொல்ல!

தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் வேலை செய்பவருக்கு மும்முனை மின்சாரம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று பேஸ் கம்பிகள், ஒரு நியூட்ரல். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பது நோட்டின் நான்காம் பக்கத்துக் கேள்வி. உங்கள் வீடு ஒரு பேஸில், எதிர்வீடு இன்னொரு பேஸில் இருக்கட்டும். எதிர்வீட்டில் 2,000 வாட் ஹீட்டர் ஓடுகிறது, அதன் மின்தடை சுமார் 26 ஓம். உங்கள் வீட்டில் 100 வாட் தொலைக்காட்சி மட்டும் ஓடுகிறது. அதை வெறும் மின்தடையாகக் கொண்டால் 529 ஓம். தெருவில் நியூட்ரல் அறுந்ததும் இரண்டும் தொடர் இணைப்பாகி 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். மின்தடை பெரிதாக உள்ளவருக்குப் பெரிய பங்கு! ஹீட்டருக்கு 19 வோல்ட், தொலைக்காட்சிக்கு 381 வோல்ட். ஹீட்டர் ஆறிப்போகும், தொலைக்காட்சி புகையும். ‘ஒரு தெருவே டி.வி.யை இழந்தது’ என்று செய்தி வருவதன் இரகசியம் இதுதான்.

கட்டடத்துக்குள் மின்சாரம் மட்டுமா இருக்கிறது? தண்ணீரும் காற்றும் உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஐந்து பேருக்கு இரண்டு நாள் தண்ணீர் என்றால் மாடியில் 1,350 கிலோ எடை ஏறுகிறது. தொட்டியை எங்கே வைப்பது என்பது தூண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஏசியை ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அது அதன் எடையல்ல. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் உண்டு, இன்று விவேகானந்தர் இல்லம். 1842இல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடரின் கம்பெனி அதைக் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்து விற்றார்கள். குளிர்பதன இயந்திரங்கள் வந்தபோது, ‘இது எத்தனை டன் பனிக்கட்டிக்குச் சமம்?’ என்று கேட்பதுதான் மக்களுக்கு இயல்பாக இருந்தது. 907 கிலோ கொண்ட ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி ஒருநாள் முழுவதும் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் தேவை. 907ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள். சுமார் 3.5 கிலோவாட் வரும்.

மறுபடி நோட்டுக்கு வருவோம். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை எழுதாமல் இருந்தது. ‘எர்த் நன்றாக இருந்தும் ஷாக் அடிக்குமா?’

அவர் பத்து வருடங்களாக எர்த் குழி போட்டவர். இரண்டரை மீட்டர் நீளமுள்ள நாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வருவார். உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண் காய்ந்தால் மின்தடை ஏறிவிடும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ‘அப்புறம் எப்படி சார் ஷாக் அடிக்கும்?’ என்று கேட்டார்.

இருவரும் ரயிலிலேயே கணக்குப் போட்டோம். மோட்டாரின் இரும்பு உடலில் பேஸ் கம்பி பட்டுவிட்டது. மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கி, மின்மாற்றியின் எர்த் குழி வழியாகத் திரும்ப வேண்டும். நம் குழிக்கு 5 ஓம், அந்தக் குழிக்கு 5 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 10 ஓம், மின்னோட்டம் 23 ஆம்பியர். சுற்றில் இருப்பதோ 32 ஆம்பியர் உருகி! அது உருகவே உருகாது. மோட்டாரின் உடல் சுமார் 115 வோல்ட்டில் அப்படியே நிற்கும். ஈரக் கையோடு தொடுகிற ஒருவரின் உடல் தடை 1,000 ஓம் என்றால் அவர் உடலில் 115 மில்லி ஆம்பியர் ஓடும். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே கை தசை இறுகிப் பிடியை விட முடியாமல் போகும். நூறு மில்லி ஆம்பியர் இதயத்தின் தாளத்தையே குலைத்துவிடும்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. ரயில் திருநின்றவூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ‘அப்போ பியூஸ் ஆளைக் காப்பாத்தாதா சார்?’ என்றார்.

அதன் வேலை கம்பியைக் காப்பது. ஆளைக் காப்பதற்கென்று வந்த கருவிதான் ஆர்.சி.சி.பி. அதற்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் அதன் ஊடே போகின்றன. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும், வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் மட்டும் வேறு வழியில், உங்கள் உடல் வழியாகவே, மண்ணுக்குப் போய்விட்டது என்று வையுங்கள். போனதும் வந்ததும் சமமில்லை. வளையத்தில் மிச்சப்பட்ட காந்தப் புலம், அதில் சுற்றியுள்ள மூன்றாவது சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். கொக்கி விடுபடும், மின்சாரம் நிற்கும். இதயம் ஒருமுறை துடித்து முடிப்பதற்குள் இது நடந்துவிடும். உருகிக்கு 32 ஆம்பியர்கூடச் சாதாரணம், இதற்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும்.

ஆனாலும் இது எல்லாம் வல்லது அல்ல. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டு மரப்பலகையின் மேல் நின்றால் போனது போனபடி திரும்பி வரும். வளையத்துக்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான்.

நம் நண்பர் அம்பத்தூரில் இறங்கும் முன் வளையத்தின் படத்தை நோட்டில் வரைந்துகொண்டார்.

உங்கள் வீட்டு மெயின் பலகையைப் பாருங்கள். அகலமான ஒரு ஸ்விட்சின் மேல் ‘30 மில்லி ஆம்பியர்’ என்று அச்சிட்டு, அருகே ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் இருந்தால், அதுதான் அந்தக் கருவி. பெரியவர்கள் அருகில் இருக்கும்போது, மின்சாரம் உள்ள நேரத்தில், அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். ‘டக்’ என்று விழுந்து வீடு இருண்டால் நல்லது, ஸ்விட்சை மேலே தள்ளி மீண்டும் போட்டுக்கொள்ளலாம். விழவில்லை என்றால் அன்றைக்கே சான்றிதழ் பெற்ற ஒரு மின்கம்பியாளரைக் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு கருவியே பலகையில் இல்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.